நடுநிலை தவறாத நடுவர் அவர்களே

மூன்று நாளாக வீட்டில் காமராசர் முழக்கம்தான். ஆறாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் பேச்சுப்போட்டிக்குத் தயாராகிறாள். "நடுநிலை தவறாத நடுவர் அவர்களே" என்றதும் வலது கை உயரும். "அணைகள் பல கட்டினார்" என்றதும் இரண்டு கையும் விரியும். "எந்த அணைம்மா?" என்று கேட்டேன். விரித்த கை விரித்தபடி நின்றது.

"அது பேப்பர்ல இல்ல மாமா."

சிரிப்பு வந்தது. கூடவே என் எட்டாம் வகுப்பும் ஞாபகம் வந்தது. தமிழ் ஐயா எழுதிக் கொடுத்த நான்கு பக்கமும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மேடையில் பாதி பேசும்போது எச்சரிக்கை மணி அடித்தார்கள். அவ்வளவுதான், அடுத்த சொல் காணோம். அதற்குப் பின்னால் உள்ள வரிகள் எல்லாம் தெரியும், ஆனால் அந்த ஒரு சொல் இல்லாமல் எதுவும் வாய்க்கு வர மறுத்தது. வேறு வழியில்லாமல் மறுபடியும் "அனைவருக்கும் வணக்கம்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன். நடுவரே வாயைப் பொத்திக்கொண்டார்.

சர்ச்சிலுக்கே 1904இல் நாடாளுமன்றத்தில் இது நடந்திருக்கிறது. மனப்பாடம் செய்த உரை நடுவில் அறுந்துபோய், முடிக்காமலே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் குறிப்புகளைக் கையோடு வைத்துக்கொண்டு பேசப் பழகினார். நாம் என்னடாவென்றால், பிள்ளை தாளைப் பார்த்தால் மதிப்பெண்ணைக் குறைக்கிறோம்.

உச்சரிப்புப் பயிற்சி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ழகரம் எனக்கு ஒழுங்காக வருவதே அந்தப் போட்டிகளால்தான். ஆனால் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேச யாரும் சொல்லித் தரவில்லை. அலுவலகத்தில் ஒருவரின் பணி ஓய்வு விழாவில் இரண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள். "இந்தப் பொன்னான வாய்ப்பை நல்கிய" என்று தொடங்கி, அவரோடு பதினோரு வருஷம் டீ குடித்த கதையில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் இறங்கி வந்தேன்.

வேடிக்கை என்னவென்றால், அடுக்குமொழி கொடிகட்டிப் பறந்த காலத்தில் காமராசர் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோலத்தான் மேடையிலும் பேசினார். அந்தப் பேச்சோடு இன்று பள்ளிப் போட்டிக்குப் போனால் ஆறுதல் பரிசுகூடத் தேறாது.

நேற்று ராத்திரி அவளிடமிருந்து தாளை வாங்கி வைத்துவிட்டு, மதுரையில் நம் குழாயில் வருவதே வைகை அணைத் தண்ணீர்தான், அவர் முதலமைச்சராக இருந்தபோது 1959இல் திறந்தது என்று சொன்னேன். கண் விரிந்தது. கை சும்மா இருந்தது.

"நாம சறுக்கு விளையாடினமே, அந்த டேமா? அப்புறம் ஏன் மாமா நமக்குத் தினமும் தண்ணி வர மாட்டேங்குது? அதையும் மேடையில கேக்கலாமா?"

கேளு என்றேன். அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்து முறைத்தாள்.