ஏழு புத்தகம் இருந்தும் கதை முடியவில்லை

"மார்ட்டின் 7 புத்தகங்களில் கதையை முடித்துவிட்டார், கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடர்தான் அந்த முடிவை மாற்றியது" என்று இங்கே பலர் எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. அந்தத் தொலைக்காட்சித் தொடருக்கு மூலமான நாவல்களை எழுதும் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் திட்டமிட்டது 7, வெளிவந்தவை 5. ஐந்தாவதான 'எ டான்ஸ் வித் டிராகன்ஸ்' 2011 ஜூலையில் வந்தது. ஆறாவது இன்னும் வரவில்லை.

குழப்பத்துக்குக் காரணம், சென்னைக் கடைகளிலும் விற்கும் பிரிட்டிஷ் பதிப்பின் 7 புத்தகப் பெட்டி. அதில் மூன்றாவது, ஐந்தாவது நாவல்கள் பெரியவை என்பதால் இரண்டிரண்டாகப் பிரிக்கப்பட்டுள்ளன. நான்கு தொகுதிகளின் அட்டையைப் பாருங்கள்: நாவலின் பெயரோடு 'பகுதி 1', 'பகுதி 2' என்று ஆங்கிலத்தில் இருக்கும். எண்ணினால் நாவல்கள் ஐந்துதான்.

புத்தகத்தில் கதை முடியவில்லை என்பதைச் சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு (கதை தெரிய வேண்டாதவர்கள் இதைத் தாண்டிவிடுங்கள்). கடைசித் தொகுதியின் இறுதிப் பகுதியில் முக்கியப் பாத்திரமான ஜான் ஸ்னோ கத்திக்குத்துப்பட்டுக் கிடப்பார். தொடரில் அது 5ஆம் சீசனின் கடைசிக் காட்சி. 2019 மே மாதம் முடிந்த 8ஆம் சீசனுக்கு ஒப்பிட, அச்சில் முடிவே இல்லை. கடைசி 6 எபிசோடுகள் அவசரமாக ஓடின என்று வாதாடுங்கள், அதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் 'புத்தகத்தில் வேறு மாதிரி முடிந்தது' என்பதை அதற்கு ஆதாரமாக்க முடியாது.