துக்க வீட்டு வாசலில் வருகைப் பதிவேடு

ஒரு கலைஞர் போய்ச் சேர்ந்த செய்தி வந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. 'யார் வந்தாங்க, யார் வரல'ன்னு யூடியூபில் கணக்கெடுப்பு ஆரம்பித்துவிடும். வந்தவர் அழுதாரா, கண்ணாடியைக் கழற்றினாரா, எத்தனை நிமிஷம் நின்றார் என்பது வரைக்கும் போகும்.

2023 டிசம்பர் 28, விஜயகாந்த் மறைந்த நாள். அன்று இரவு விஜய் கோயம்பேடு தேமுதிக அலுவலகத்துக்கு வந்தார். 'செந்தூரபாண்டி'யில் விஜய்க்காக விஜயகாந்த் வந்து நடித்துக் கொடுத்தது ஊருக்கே தெரியும். அஞ்சலி செலுத்திவிட்டு நெரிசலில் காருக்குத் திரும்பும்போது அவர் மேல் ஒரு செருப்பு பறந்தது. காரணம் ஆளுக்கொன்று சொன்னார்கள். வடிவேலு வரவில்லை, அவருக்கு 'நன்றி கெட்டவன்' பட்டம். 2011 தேர்தல் மேடைகளில் விஜயகாந்தை எதிர்த்து அவர் பேசியதெல்லாம் தூசி தட்டி எடுக்கப்பட்டது. வந்தவருக்கே செருப்பு என்றால், வடிவேலு அந்தக் கூட்டத்துக்குள் கால் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருத்தராவது யோசித்தோமா?

நம் ஊர் வழக்கம் எனக்கும் தெரியும். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தால்தான் போவோம். சாவுக்குச் சேதி காதில் விழுந்தாலே போதும், கிளம்பிவிடுவோம். பத்து வருஷம் முகம் பார்க்காத பங்காளிகூட மாலையோடு வந்து நிற்பான். வராவிட்டால் அந்த வீட்டார் கடைசி வரை மறக்க மாட்டார்கள். அது நியாயமான வருத்தம்தான். ஆனால் அந்த வருத்தத்துக்குச் சொந்தக்காரர்கள் அந்த வீட்டார். டிக்கெட் வாங்கிப் படம் பார்த்த நமக்கு அந்தப் பாத்தியதை எங்கிருந்து வந்தது?

2020 செப்டம்பர் 25 அன்று எஸ்.பி.பி. போனார். ஐம்பது நாள் ஆஸ்பத்திரி, வென்டிலேட்டர், எக்மோ என்று போராடி, 74 வயதில். மறுநாள் தாமரைப்பாக்கம் பண்ணை வீட்டில் அடக்கம். அன்றைக்கு ஊர் முழுக்க ஓடிய வீடியோ எது? கூட்டத்தில் ஒரு ரசிகரின் செருப்பு கழன்று விழ, விஜய் குனிந்து அதை எடுத்துக் கொடுத்தது. நல்ல மனசு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாற்பதாயிரம் பாட்டுக்கு மேல் பாடியவர் என்று நாம் பெருமையாகச் சொல்லும் மனிதரை மண்ணில் வைக்கிற நாளில் நாம் திரும்பத் திரும்பப் பார்த்தது ஒரு செருப்பை. மூன்று வருஷம் கழித்து, இன்னொரு சாவில், இன்னொரு செருப்பு!

அஜித் ஏன் வரவில்லை என்பது அடுத்த பஞ்சாயத்து. அது கொரோனா காலம். அவரைச் சினிமாவுக்குச் சிபாரிசு செய்தவரே எஸ்.பி.பி.தான் என்று ஆளாளுக்குக் கதை சொன்னார்கள். அப்பாவைப் புதைத்து ஈரம்கூடக் காயாத நிலையில் சரண் பத்திரிகைக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது: அஜித் என் நண்பர், வந்தால் என்ன வராவிட்டால் என்ன, இப்போது அதுவா பிரச்சினை என்கிற மாதிரி. அது போதாதென்று, ஆஸ்பத்திரி பில் கட்டாததால் உடலைத் தர மறுத்தார்கள் என்று ஒரு வதந்தி வேறு. அதையும் அந்தப் பிள்ளைதான் மறுக்க வேண்டியிருந்தது. துக்கம் கேட்கப் போகிற லட்சணமா இது?

2001 ஜூலையில் சிவாஜி இறந்தபோது நடிகர் சங்கத் தலைவர் விஜயகாந்த். இறுதி ஊர்வலத்தில் முட்டி மோதிய ஜனத்தை அவரே இறங்கித் தள்ளி வழி உண்டாக்கியதை இன்றைக்கும் சொல்கிறார்கள். அன்று வராதவர்கள் பட்டியலை யாராவது ஞாபகம் வைத்திருக்கிறோமா? எனக்கு ஒரு பேர்கூட நினைவில் இல்லை.

வடிவேலு போயிருக்கலாம் என்றுதான் எனக்கும் படுகிறது. போகாதது குறைதான். ஆனால் அதைக் கேட்க பிரேமலதா இருக்கிறார், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்டால் வடிவேலு பதில் சொல்லட்டும். தம்ப்நெயிலில் சிவப்பு வட்டம் போடுகிறவனுக்கு அவர் ஏன் சொல்ல வேண்டும்?

'நீ வடிவேலு ரசிகனா?' என்று கமெண்டில் கிளம்பி வருகிறவர்களுக்கு முன்கூட்டியே: ஆமாம். கேப்டனுக்கும்தான்.