சனிக்கிழமைக் கூலியும் லாட்டரிக் கடையும்

"தடை போட்டா மட்டும் சூதாட்டம் நின்னுடுமா?" என்று கேட்பவர்களிடம் என் சித்தப்பாவைப் பற்றித்தான் சொல்வேன்.

பள்ளிபாளையத்தில் தறி ஓட்டினார். சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் நேராக பஸ் ஸ்டாண்டு. அங்கே வரிசையாக லாட்டரிக் கடைகள், கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கும் சீட்டுகள், மைக்கில் ஓயாத கூவல். சித்தி அரிசிக்கும் மளிகைக்கும் போட்டு வைத்த கணக்கு அந்தக் கடை வாசலிலேயே முடிந்துவிடும். 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு லாட்டரியைத் தடை செய்தது. சித்தப்பா மனம் திருந்திவிடவில்லை. வாங்கக் கடை இல்லை, அவ்வளவுதான். அந்தத் தீபாவளிக்குத் தங்கச்சிக்குப் பட்டுப்பாவாடை எடுத்தார்கள். அவள் அதைக் கழற்றவே இல்லை, அதோடே தூங்கினாள்.

சரி, முழுசாக ஒழிந்ததா? இல்லை. கேரளாவில் அரசே லாட்டரி நடத்துகிறது. அந்தக் குலுக்கலின் கடைசி மூன்று எண்ணை வைத்து இங்கே 'மூணு நம்பர்' என்கிற கள்ள லாட்டரி ஓடுகிறது. முன்பு துண்டுச் சீட்டு, இப்போது வாட்ஸ்அப். 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளி இதில் பணத்தை இழந்து, மனைவி, மூன்று பெண் குழந்தைகளோடு செத்துப்போனார். தடை வந்து 16 வருடம் கழித்து! யார் நம்பர் எழுதுகிறார் என்று தெருவுக்கே தெரியும். பிடிபட்டாலும் சில நாளில் அதே இடத்தில் நிற்கிறார். என் கோபமெல்லாம் இங்கேதான்.

ஆன்லைன் ரம்மி கதை இன்னும் கொடுமை. தமிழ்நாட்டின் தடைச் சட்டத்தை 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த வருடம் மறுபடி சட்டசபையில் நிறைவேறிய மசோதாவை 2023 மார்ச்சில் ஆளுநர் திருப்பி அனுப்பினார். ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. அதே வருடம் நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு, அவற்றுக்குத் தடை செல்லாது என்று தீர்ப்பு. இத்தனை இழுபறிக்கு நடுவில் என் அலுவலக நண்பர் ராத்திரி இரண்டு மணிக்குப் போர்வைக்குள் ஆடிக்கொண்டிருந்தார். லாட்டரிக்காவது பஸ் ஸ்டாண்டு வரை நடக்க வேண்டும். இது தலையணைக்கு அடியிலேயே இருக்கிற கடை. தோற்றதை மீட்க லோன் ஆப், அந்தக் கடனை அடைக்க மனைவியின் வளையல்.

2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு மொத்தத்தையும் தடை செய்தது. பெரிய ஆப்கள் பண ஆட்டத்தை நிறுத்தின. நண்பர் முதல் சில நாள் தூங்கவில்லை, அப்புறம் தூங்கினார். அதனால் தடை வேண்டும் என்றுதான் சொல்வேன். புதிதாக ஒரு பையன் உள்ளே விழாமல் அது தடுக்கும். ஏற்கெனவே விழுந்தவரைத் தூக்கிவிட அது மட்டும் போதாது. குடிப்பழக்கத்துக்கு இருப்பதுபோல இதற்கும் அரசு மருத்துவமனைகளில் ஆலோசனையும் சிகிச்சையும் வேண்டும். லோன் ஆப் மிரட்டலைப் போலீஸ் புகாராக எடுக்க வேண்டும்.

போன வாரம் டீ குடிக்கும்போது நண்பர் போனை நீட்டினார். டெலிகிராமில் யாரோ பெட்டிங் லிங்க் அனுப்பியிருந்தார்கள். "நீயே பிளாக் பண்ணிடு, என்னால முடியல" என்றார்.