தூக்க முடிகிறது என்பதற்காகத் தூக்காதீர்கள்

26 நாள் கழித்து நேற்றுக் காலை ஜிம்முக்குப் போனேன். ராக்கில் இருந்த கம்பியைப் பிடித்ததுமே உள்ளங்கை எரிந்தது. விரித்துப் பார்த்தேன். இரண்டு வருஷமாக விரல்களுக்கு அடியில் ஏறியிருந்த காய்ப்பு நாலும் உரிந்து, அந்த இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல்.

காய்ப்பு போனதை எனக்கு முன்னாலேயே கண்டுபிடித்தவள் அம்மா. போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. வயது 74. ஆபரேஷன், வார்டு, பிறகு வீடு என்று கூடவே இருந்தேன். முன்பெல்லாம் என் கையைத் தொட்டால், "ஏட்டி, பொம்பளப் பிள்ள கையா இது, சொரசொரன்னு" என்று முகம் சுளிப்பாள். வார்டில் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் என் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தவள், தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "கை மெத்துன்னு ஆயிட்டே. என்னாலதான் ஒன் எக்சசைஸ் எல்லாம் நின்னு போச்சா?"

"நிக்கலம்மா, லீவு போட்டிருக்கேன்" என்றேன்.

இந்த லீவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எடைப் பயிற்சியை விட்டுவிட்டவர்கள் என்று எனக்குத் தெரிந்த பலரும் லீவில் விடவில்லை. லீவு முடிந்து வந்த முதல் வாரத்தில்தான் விட்டார்கள். வீட்டில் கல்யாணம், பிள்ளைக்குப் பரீட்சை, தேர்தல் வேலை, காய்ச்சல் என்று மூன்று வாரம் நின்றிருக்கும். வந்த அன்றைக்கே பழைய எடையைப் போடுவார்கள். மறுநாள் மாடிப்படி இறங்க முடியாது. நாலு நாள் கழித்து வலி போயிருக்கும், மனசும் போயிருக்கும். வழியில் பார்த்துக் கேட்டால், "எல்லாம் போச்சு டீச்சர், இனி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்" என்பார்கள்.

எதுவும் போகவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். இரண்டு மூன்று வார இடைவெளியில் பலம் பெரிதாகக் குறையாது. ஃபின்லாந்தின் யுவாஸ்குலா பல்கலைக்கழகத்தில் செய்து 2024-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரு குழு 20 வாரம் விடாமல் எடைப் பயிற்சி செய்தது. இன்னொரு குழு 10 வாரம் செய்து, 10 வாரம் முழுதாக நிறுத்தி, மறுபடி 10 வாரம் செய்தது. முடிவில் இரண்டு குழுவுக்கும் பலமும் தசை அளவும் கிட்டத்தட்ட ஒன்றாகவே கூடியிருந்தன. நிறுத்தியவர்கள் திரும்பி வந்த சில வாரங்களிலேயே விட்ட இடத்தைப் பிடித்துவிட்டார்கள். பத்து வாரத்துக்கே அப்படியென்றால் நம் மூன்று வாரம் எம்மாத்திரம்?

அப்படியானால் கண்ணாடியில் கை ஏன் சூம்பித் தெரிகிறது? தசைக்குள் சேமிப்பில் இருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து, ஒரு கிராமுக்குக் குறைந்தது மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். வேலை நின்றதும் அந்தச் சேமிப்பு குறைகிறது, கூடவே தண்ணீரும் இறங்குகிறது. நாம் பார்ப்பதில் பெரும்பங்கு அதுதான். இரண்டாவது செட்டிலேயே (நிறுத்தாமல் செய்கிற ஒரு சுற்றுதான் செட்) மூச்சு வாங்குவதற்கும் காரணம் உண்டு. பலத்தைவிட மூச்சுத் திறன் வேகமாக இறங்கும். ரத்தத்தின் நீர்ப்பகுதி சில நாட்களிலேயே குறையத் தொடங்கிவிடும். மூச்சு வாங்குவதை வைத்து, பலமே போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். ரெண்டும் வேற வேற கணக்கு.

ஆனால் இன்னொன்றும் குறைகிறது. அதை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

தொடர்ந்து பயிற்சி செய்கிற தசைக்கு வலியிலிருந்து ஒரு காப்பு உருவாகிறது. முதல் தடவை செய்தபோது மூன்று நாள் படுத்திய ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது), நாலாவது தடவை ஒன்றும் செய்யாததற்குக் காரணம் அந்தக் காப்பு. எடையை மேலே தூக்கும்போதைவிட, மெதுவாகக் கீழே இறக்கும்போதுதான் தசை நார்கள் அதிகம் சிதைகின்றன. அதற்குத் தசை பழகிக்கொள்கிறது. இடைவெளி விட விட இந்தப் பழக்கம் மங்குகிறது. பலம் அப்படியே நிற்கிறது, காப்பு மங்கிவிடுகிறது. அதனால் திரும்பி வந்த நாளில் பழைய எடையைத் தூக்கவும் முடிகிறது. தூக்க முடிவதுதான் ஆபத்தே. தூக்கும்போது ஒன்றும் தெரியாது. தெரிவதெல்லாம் மறுநாள் காலையிலிருந்து, உச்சம் இரண்டாம் மூன்றாம் நாளில்.

எனக்கு இது போன வருஷம் ஆனது. டெங்கு வந்து மூன்று வாரம் படுத்து எழுந்து, அப்போது போய்க்கொண்டிருந்த வேறொரு ஜிம்முக்குத் திரும்பினேன். "லீவு போட்டதுக்கு இன்னைக்கு சேத்து வாங்கிருவோம் மேடம்" என்றார் மாஸ்டர். நானும் தலையாட்டினேன். 45 கிலோவில் ஐந்து செட் ஸ்குவாட், அதற்கு மேல் லஞ்சஸ், அதாவது ஒரு காலை முன்னால் வைத்து மடங்கி எழுவது. அன்று சாயங்காலம் வரை பெருமையாகத்தான் இருந்தது. மறுநாள் கழிப்பறையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார முடிந்தது. மூன்றாம் நாள் வகுப்பில் கரும்பலகைக்கு அடியில் விழுந்த சாக்பீஸைக் குனிந்து எடுக்க முடியாமல், முன் பெஞ்சுப் பிள்ளையை எடுத்துத் தரச் சொன்னேன். தொடை வலியைவிட எனக்கு நினைவில் நிற்பது அந்தச் சாக்பீஸ்தான். அதற்கப்புறம் ஒரு மாதம் ஜிம் பக்கம் போகவில்லை. மூன்று வார லீவு, ஒரே நாள் அவசரத்தால் ஏழு வாரமானது.

அது வலியோடு போனது என் நல்ல நேரம். அளவுக்கு மீறினால் தசை சிதைந்து அதன் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீர் கட்டஞ்சாயா (பால் சேர்க்காத டீ) நிறத்தில் போனால், தொட முடியாத அளவு தசை வீங்கினால், வெந்நீர் ஒத்தடம் என்று வீட்டில் இருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். காய்ச்சலிலிருந்து எழுந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வைரஸ் காய்ச்சல் சிலருக்கு இதயத் தசை வரை போகும். நெஞ்சு வலியோ படபடப்போ இருந்தால் டாக்டர் சரி என்று சொல்லும்வரை கம்பியைத் தொடவே கூடாது. நம் ஊர்க் கோடைப் புழுக்கமும் இதோடு சேர்ந்தால் இன்னும் மோசம்.

அமெரிக்காவில் வலுப்பயிற்சியாளர்களின் இரண்டு அமைப்புகள் சேர்ந்து 2019-இல் இதற்கென்றே ஒரு வழிகாட்டல் எழுதின. அங்கே கல்லூரி விளையாட்டுப் பிள்ளைகளுக்கு உயிரையே பறிக்கும் பாதிப்புகள், லீவு முடிந்து திரும்பும் காலத்தில்தான் கூடுதலாக வந்துகொண்டிருந்தன. முதல் வாரம் பயிற்சியின் அளவில் பாதியைக் குறை, இரண்டாம் வாரம் 30 சதவீதம் குறை என்பது அதில் ஓட்டம் முதலான பயிற்சிகளுக்குச் சொன்ன கணக்கு. 20 வயது விளையாட்டு வீரருக்கே பாதி என்றால், பள்ளிக்கூடத்துக்கும் அடுப்படிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஓடுகிற 46 வயதுக்காரிக்கு மட்டும் எதற்கு முழு எடை?

குறைத்துப் போட வெட்கமாக இருக்கிறது என்பவர்களுக்கு நம் வேலூர்க்காரர் சதீஷ் சிவலிங்கத்தை ஞாபகப்படுத்துகிறேன். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். நாலு வருஷம் கழித்து கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டிக்குத் தொடைக் காயத்தோடு போனார். அங்கே தூக்கியது 317. பதினொரு கிலோ குறைவு, அதற்கும் தங்கம். கடைசி வாய்ப்பை அவர் எடுக்கவே இல்லை. தேவைப்படவில்லை, தூக்கவில்லை.

நேற்று நான் செய்தது இவ்வளவுதான். 50 கிலோ ஸ்குவாட் செய்துகொண்டிருந்தவள் 30 கிலோ போட்டேன். ஐந்து செட்டுக்குப் பதில் இரண்டு. தரையிலிருந்து கம்பியைத் தூக்கி நிமிர்கிற டெட்லிஃப்ட் 60-க்குப் பதில் 35. இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. இன்னும் செய்யலாமே என்று கை பரபரத்தது. பக்கத்தில் இருந்த தம்பி, "என்ன டீச்சர், அதுக்குள்ள கிளம்பிட்டீங்க?" என்றான். "நாளைக்குப் படி இறங்கணும்ல" என்றேன். இன்று பள்ளிக்கூடத்தில் இரண்டு மாடி ஏறி இறங்கினேன். தொடையில் லேசான இறுக்கம், அவ்வளவுதான்.

இப்போதுள்ள மாஸ்டர் நல்லவர். ஆனாலும் எல்லா மாஸ்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். லீவு முடிந்து வருகிறவரைத் தண்டிக்காதீர்கள். அவர் குற்றம் செய்துவிட்டு வரவில்லை. முக்கால்வாசிப் பேர், குறிப்பாகப் பெண்கள், யாரையோ பார்த்துக்கொள்ளத்தான் லீவு போட்டிருப்பார்கள். "வந்துட்டீங்களா, இன்னைக்கு லேசா போதும்" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள், அடுத்த நாளும் வருவார்கள்.

அந்த 26 நாளும் உடம்பு சும்மா இல்லை என்பதும் உண்மை. அம்மாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போதெல்லாம் டெட்லிஃப்டுக்குக் கற்றுக்கொண்ட அதே குனிவுதான் கைகொடுத்தது. முதுகை வளைக்காமல் இடுப்பில் மடங்கி, அவளை என் உடம்போடு ஒட்டிப் பிடித்து, காலால் எழுந்திருப்பது. ஒரு நாள்கூட இடுப்புப் பிடிக்கவில்லை. நான் இந்தப் பயிற்சியைத் தொடங்கியதே எலும்புக்காகத்தான். மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களை வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், ஆள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளக் கனமான எடை தூக்கவைத்து ஆஸ்திரேலியாவில் எட்டு மாதம் ஆய்வு செய்தார்கள். முதுகெலும்பின் அடர்த்தி கூடியது என்று 2018-இல் வெளியிட்டார்கள். அதைப் படித்த வாரம்தான் சேர்ந்தேன். எங்கள் பக்கத்தில் இதொன்றும் புதுசும் இல்லை. பொங்கலுக்கு நெல்லை மாவட்டத்து வடலிவிளையில் பெண்களும் இளவட்டக்கல் என்ற கனமான உருண்டைக் கல்லைத் தூக்குகிறார்கள்.

என் லீவையும் அம்மாவின் லீவையும் ஒன்றாகப் பேச முடியாது. நடமாடிக்கொண்டு பயிற்சியை நிறுத்துவது வேறு, படுக்கையில் கிடப்பது வேறு. நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த வயதானவர்களைப் பத்தே நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007-இல் வந்தது. கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போயிருந்தது. ஆபரேஷன் முடிந்த மறுநாளே பிசியோ வந்து அம்மாவை எழுப்பி நிறுத்தியபோது, "பச்சப் புண்ணோட இப்படிப் படுத்துதாவளே" என்று உறவுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தபடி நின்றாள். அன்றைக்கு அரை நிமிஷம். அதற்கு மேல் வேண்டாம் என்று பிசியோவே உட்கார வைத்துவிட்டார்.

என் பயிற்சி நோட்டில் நேற்றைய வரி: ஸ்குவாட் 30, தலா 8 தடவை இரண்டு செட். வெள்ளிக்கிழமைக்கு 35 என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். எதிர்ப்பக்கம் அம்மாவுக்கு. கட்டிலிலிருந்து அடுப்படி வாசல் வரை, வாக்கரோடு, 14 எட்டு. நாளைக்கு 16 போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறாள்.