பெற்றோருக்கான விதியையும் விளக்கியிருக்கலாம்

பிரிட்டனில் குடியிருப்பவர் தம் வாழ்க்கைத்துணையை அழைத்துக்கொள்ள, 2024 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 29,000 பவுண்டு வருமானம் காட்ட வேண்டும் (முன்பு 18,600) என்பதைக் குடும்ப விசா பற்றிய தம் கட்டுரையில் விரிவாக விளக்கிய கட்டுரையாளர், பெற்றோரை அழைத்துக்கொள்வதற்கான விதியை ஒரே வரியில் கடந்துவிட்டது வருத்தமளிக்கிறது.

2012-இல் வந்த விதியின்படி, குளிக்கவும் உடுத்தவும் சமைக்கவும் பிறர் உதவி நெடுங்காலம் தேவைப்படும் நிலையில் தாயோ தந்தையோ இருக்க வேண்டும் என்பதோடு, பிள்ளைகள் பணம் அனுப்பினாலும் அந்த உதவி சொந்த நாட்டில் கிடைக்காது என்றும் மெய்ப்பிக்க வேண்டும். பாளையங்கோட்டையில் தனியாக இருக்கும் என் பெரியம்மாவுக்கு, சம்பளத்துக்கு ஆள் கிடைக்கிறது என்ற காரணத்தைச் சொல்லியே விசா மறுக்கப்பட்டது. ஆள் கிடைப்பது உண்மைதான். காலையில் வந்து சமைத்து வைத்துவிட்டு, மாலை ஆறு மணிக்கு அந்தப் பெண் தன் வீட்டுக்குப் போய்விடுவார். இரவில், தண்ணீர்ச் செம்பின்மேல் சாய்த்து வைத்த கைப்பேசியில், பிரிட்டனில் இருக்கும் தன் மகனான என் அண்ணனின் முகத்தைப் பார்த்தபடியேதான் பெரியம்மா சாப்பிட்டு முடிக்கிறார்.

பிரிட்டனின் பார்வையாளர் விசாவில் பொதுவாக ஒரு தடவைக்கு ஆறு மாதமே தங்க முடியும். கனடாவின் சூப்பர் விசாவிலோ, பிள்ளைகளின் வருமானமும் மருத்துவக் காப்பீடும் சரியாக இருந்தால், ஒரே தடவையில் ஐந்து ஆண்டு வரை பெற்றோர் தங்கலாம். அத்தகைய வழியொன்றைப் பிரிட்டனும் திறக்க வேண்டும் என்றே நான் கேட்கிறேன்.