சின்ன பேட்டரிக்குத்தான் விலை அதிகம்

பிளக்கில் செருகி சார்ஜ் செய்கிற பேட்டரியும் பெட்ரோல் எஞ்சினும் சேர்ந்த பிளக்-இன் ஹைப்ரிட் கார் ஏன் நமக்கு எட்டவில்லை என்று கேட்டால் "பேட்டரி விலை" என்று முடித்துவிடுகிறார்கள். பாதிதான் உண்மை. 2010-இல் லித்தியம் பேட்டரி விலை, ஒரு கிலோவாட் மணி (அதாவது ஒரு யூனிட் மின்சாரம்) கொள்ளளவுக்கு 1,000 டாலருக்கு மேல் இருந்தது. 2024-இல் உலகச் சராசரி 115 டாலர் என்கிறது புளூம்பெர்க் ஆய்வு நிறுவனத்தின் கணக்கு.

திருமங்கலத்திலிருந்து மதுரைக்குத் தினமும் வேலைக்கு வந்துபோகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 40, 45 கிலோமீட்டர். 10, 12 கிலோவாட் மணி பேட்டரி தாராளம். ராத்திரி வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் செருகினால் விடிவதற்குள் நிறைந்துவிடும். குலசாமி கும்பிடவோ கொடைக்கானலுக்கோ கிளம்பினால் பெட்ரோல் இருக்கிறது, சார்ஜர் தேடி அலைய வேண்டாம். நம்ம ஊர் ஓட்டத்துக்கென்றே செய்தது போன்ற வண்டி இது.

ஆனால் பேட்டரி சின்னதானால் விலையும் அதே அளவு குறையாது. செல்களைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகை, சூடு தணிக்கும் அமைப்பு, சார்ஜர், உறுதியான பெட்டி எல்லாம் அதற்கும் வேண்டும். அந்தக் குட்டி பேட்டரியே முழுக் காரையும் இழுக்க வேண்டியிருப்பதால் செல்களும் விலை கூடிய ரகம். கூடவே எஞ்சின், பெட்ரோல் டேங்க் செலவும் அப்படியே நிற்கிறது.

அதற்கு மேல் வரி. மின்காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் ஹைப்ரிட் 4 மீட்டர் நீளத்தையோ, பெட்ரோல் எஞ்சினில் 1,200 சிசியையோ தாண்டினால் 40 சதவீதம், செருகி சார்ஜ் செய்கிற வண்டியானாலும் சரி. பேட்டரி, மோட்டாரால் 2 லட்சம் கூடுகிறது என்று வையுங்கள். அதற்கு மட்டும் வரி 80,000. மின்காரில் அதே 2 லட்சத்துக்கு 10,000. இது அநியாயம் இல்லையா?

"வாங்குகிறவர்கள் சார்ஜே போடுவதில்லை" என்பார்கள். ஐரோப்பாவில் பிளக்-இன் வண்டிகள் சாலையில் ஓடும்போது வரும் கார்பன், ஆய்வகச் சோதனையில் காட்டியதைப்போல மூன்றரை மடங்கு என்று 2024-இல் ஐரோப்பிய ஆணையமே சொன்னது. மறுக்கவில்லை. ஆனால் அங்கே கணிசமானவை கம்பெனி கார்கள், பெட்ரோலுக்குக் கம்பெனி காசு கொடுக்கிறது. நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்துத் தன் கைக்காசில் பெட்ரோல் போடுகிறவர் பிளக்கை மறப்பாரா?

மேலூரில் வாடகைக் கார் ஓட்டும் என் மைத்துனர் வேறொன்று கேட்டார்: "சித்திரை வெயில்ல பேட்டரி போச்சுன்னா யாரு மச்சான் காசு கொடுப்பா?" நியாயமான கேள்வி. மின்கார்களுக்குப் பல கம்பெனிகள் 8 ஆண்டு வாரண்டி தருகின்றன. மின்சாரத்திலேயே 40 கிலோமீட்டர் ஓடி, அதே வாரண்டியும் தருகிற பிளக்-இன் வண்டிக்கு அரசு வரியைக் குறைக்கட்டும்.