அயோடின் குறைபாட்டை அறிய ஒரு தடவை எடுத்த சிறுநீர் சோதனை போதாது

'சிறுநீரில் அயோடின் லிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் உங்களுக்குக் குறைபாடு, உடனே அயோடின் சொட்டு எடுங்கள்' என்று ஒரு பதிவில் எழுதியிருப்பது தவறு. அந்த 100, உலக சுகாதார நிறுவனம் மக்கள்தொகையின் இடைநிலை அளவுக்கு (பலருடைய அளவுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணுக்கு) வைத்த எல்லை. தனி மனிதருக்கானது அல்ல. உண்ணும் அயோடினில் 90 சதவீதத்துக்கு மேல் சிறுநீரில் போய்விடும். அதனால் நேற்று மீன் சாப்பிட்டீர்களா, இன்று எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்பதைப் பொறுத்தே எண் ஏறி இறங்கும். ஒருவரின் நிலையை ஓரளவு கணிக்கவே வெவ்வேறு நாட்களில் பத்து மாதிரியாவது வேண்டும்.

பெரியவர்களுக்கு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். அயோடின் கலந்த உப்பே பெரும்பாலும் அதைத் தந்துவிடும். தைராய்டு கோளாறு உள்ளவர்கள் தயவுசெய்து மருத்துவரைக் கேட்காமல் சொட்டு எடுக்காதீர்கள். அயோடின் மிகுந்தாலும் தைராய்டைக் கெடுக்கும்.